டவுன்லோட் முடிந்த பிறகும் உங்கள் கம்பியூட்டர் என்ன செய்துகொண்டிருக்கிறது?

ஹட்டனிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கம்பியூட்டர் திருத்துவதும், கடைகளுக்கும் போர்டிங்குகளுக்கும் டியூஷன் வகுப்புகளுக்கும் வைஃபை போட்டுக் கொடுப்பதும்தான் என் தொழில். கொஞ்ச காலமாக ஒரே மாதிரியான பயத்தோடு ஆட்கள் கடைக்கு வருகிறார்கள். இன்டர்நெட் இணைப்புத் தந்த நிறுவனத்திடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு மெயில், அதில் ஏதோ ஒரு படத்தின் பெயர், பதிப்புரிமையை மீறியிருக்கிறீர்கள் என்று ஒரு வரி, அதற்குக் கீழே எண்களாகக் கொஞ்சம். சிலர் அதைப் பார்த்த உடனேயே ரவுட்டரைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள், சிலர் படிக்காமலே அழித்துவிடுகிறார்கள். இரண்டாலும் பிரயோசனமில்லை. அந்த மெயில் ஏன் வந்தது என்பது புரிந்தால் பாதிப் பயம் போய்விடும், மீதிப் பாதியை வைத்துக்கொண்டு செய்ய வேண்டியதைச் செய்யலாம்.

இந்த மெயில்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது டொரன்ட். டொரன்ட் என்றால் படம் இறக்குகிற வழி என்றுதான் நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது இறக்குவதோடு ஏற்றுவதையும் சேர்த்தே செய்கிறது. பிட்டொரன்ட் முறையை பிராம் கோஹன் என்ற அமெரிக்கர் 2001இல் வெளியிட்டார். ஒரு பெரிய பைலைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, அதை வேண்டுகிற எல்லோரும் ஆளுக்காள் துண்டுகளைக் கொடுத்து வாங்குகிற மாதிரி அமைத்ததுதான் அதன் கெட்டித்தனம். நடுவில் ஒரு பெரிய சேர்வர் தேவையில்லை. அதனால் நீங்கள் ஒரு படத்தின் முதல் துண்டை வாங்கிய நிமிடத்திலிருந்தே உங்கள் கம்பியூட்டர் அந்தத் துண்டை முன்பின் தெரியாத யாருக்கோ கொடுக்கவும் தொடங்கிவிடுகிறது. முழுதும் இறங்கி முடிந்ததும் ‘சீடிங்’ என்று மாறும். அப்போது வாங்குவது நின்றுபோய் கொடுப்பது மட்டும் நடக்கும். நாம் படத்தைப் பார்த்து முடித்து மறந்தும் போயிருப்போம், அது கொடுத்துக்கொண்டே இருக்கும்.

நம்பிக்கையில்லாவிட்டால் அந்த மென்பொருளில் ‘பியர்ஸ்’ என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். வரிசையாக ஐபி முகவரிகள், அதாவது ஒவ்வொருவருடைய இணைப்புக்கும் இன்டர்நெட்டில் இருக்கிற எண் முகவரிகள், ஓடும். பக்கத்தில் சிறிய கொடிகள், யார் எந்த மென்பொருளில் இருக்கிறார்கள், எத்தனை வீதம் முடித்திருக்கிறார்கள் என்ற விபரம் எல்லாம் இருக்கும். பிரேசிலில் ஒருவர், போலந்தில் ஒருவர், இந்தியாவில் பலர். நீங்கள் அவர்களைப் பார்க்கிற மாதிரியே அவர்களுக்கும் உங்கள் முகவரி தெரிகிறது. அந்தக் கூட்டத்துக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதால், படத்தின் உரிமையாளர்கள் அமர்த்திய கண்காணிப்பு நிறுவனங்களும் அதே மாதிரி ஒரு மென்பொருளோடு உள்ளே வந்து நின்று, வருகிற முகவரிகளை நேரத்தோடு குறித்துக்கொள்கின்றன. யாரும் உங்கள் கம்பியூட்டரை ஹேக் பண்ணவில்லை. முகவரியை ஊரறியக் காட்டிக்கொண்டு நிற்பது உங்கள் மென்பொருள்தான்.

ஒரு போர்டிங் அக்கா இப்படியொரு மெயிலை அச்செடுத்துக்கொண்டு வந்தார். “தம்பி, நான் அந்தப் படத்தோட பேரையே கேள்விப்படல்ல. பொலிஸ் வருமா?” என்றார். அவருடைய பெயரில்தான் இணைப்பு, வீட்டில் தங்கியிருக்கிற பையன்கள் எல்லோருக்கும் அதே வைஃபை. நானும் அவரும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். படத்தின் பெயர், பைலின் பெயர், ஐபி முகவரி, போர்ட் எண் (அந்த முகவரிக்குள் எந்த வாசல் என்பது மாதிரி), அந்த டொரன்ட்டுக்கு எழுத்தும் எண்ணுமாக நாற்பது குறிகள் கொண்ட ஒரு நீளமான அடையாளம், அப்புறம் நேரம். நேரம் 19:42 என்று இருந்தது. “இரவு ஏழே முக்காலுக்கு வீட்டில கரண்டே இருக்கல்ல” என்று அக்கா சொன்னார். ஆனால் அது யூடிசி என்கிற உலகப் பொது நேரம். இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும், கூட்டினால் மறுநாள் அதிகாலை 1:12. நள்ளிரவுக்குப் பிறகு தனியாகக் கிடைக்கிற டேட்டாவுக்காகக் கம்பியூட்டரைப் போட்டுவிட்டுத் தூங்குகிற பழக்கம் யாருக்கு இருக்கிறது என்று கேட்டதும் அக்காவுக்கே விளங்கிவிட்டது.

அந்தப் பையனின் லெப்டொப்பைத் திறந்தோம். கடிகாரத்துக்குப் பக்கத்தில், மறைந்திருக்கிற ஐகன்களுக்குள்ளே ஒரு சின்னப் பச்சை ஐகன். அவன் பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான், அது மூடவில்லை, ஒதுங்கித்தான் நின்றது. விண்டோஸ் தொடங்கும்போதெல்லாம் தானாகத் தொடங்குகிற மாதிரியும் இருந்தது. படத்தை அவன் இறக்கிப் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது, ஆனால் ஏற்றிய அளவு இறக்கிய அளவைப் போலப் பல மடங்கு என்று அதே திரையில் இருந்தது. போர்டிங்கில் டேட்டா ஏன் மாத நடுவிலேயே முடிகிறது என்ற பழைய சண்டைக்கும் விடை அதில்தான் இருந்தது.

அவன் கெட்ட பிள்ளையில்லை. யாரும் அவனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் கடிதம் வந்தது அவனுக்கல்ல, அக்காவுக்கு. நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டியவராக ஆகிறார். மலையகத்தில் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் கொழும்பில் வேலை செய்கிற மகனின் கையில் இருக்கிற சிம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற அம்மாவின் அடையாள அட்டையில் எடுத்ததாக இருக்கும். மகன் செய்வதெல்லாம் பதிவில் அம்மாவின் கணக்கில்தான் ஏறும்.

மொபைல் டேட்டாவில் என்றால் பிடிக்க முடியாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. மொபைல் நிறுவனங்கள் பெரும்பாலும் நிறையப் பேருக்கு ஒரே வெளி ஐபி முகவரியைப் பகிர்ந்து கொடுப்பதால் வந்த பேச்சு இது. லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. இத்தனை குடும்பத்துக்கும் தோட்டத்தின் பெயர்தான் முகவரி, கடிதம் தோட்ட ஆபிஸுக்கு வரும், அது யாருக்கென்று ஆபிஸில் இருப்பவருக்குத் தெரியும். அதே மாதிரி வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உங்களைத் தெரியாவிட்டாலும், நேரமும் போர்ட் எண்ணும் சரியாகக் கொடுத்தால் பதிவு வைத்திருக்கிற நிறுவனத்தால் தேடிப் பார்க்க முடியும். அந்த மெயிலில், அதாவது நோட்டீஸில், போர்ட் எண்ணையும் போடுவது அதற்காகத்தான்.

சரி, அந்த நோட்டீஸுக்கு என்ன மதிப்பு? அது நீதிமன்றக் கட்டளையல்ல, வழக்குமல்ல. 1998இல் அமெரிக்காவில் வந்த டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்துக்குப் பிறகு வழக்கமாகிப்போன ஒரு முறைப்பாட்டுக் கடிதம். உரிமையாளர் சார்பில் ஒரு நிறுவனம் ஐபி முகவரியைப் பார்த்து இணைப்புத் தருகிற நிறுவனத்துக்கு அனுப்புகிறது, அவர்கள் அதை உங்களுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அனுப்பியவருக்கு அந்த நேரத்தில் உங்கள் பெயர் தெரியாது, ஐபி முகவரி மட்டும்தான் தெரியும். ஒருவர் பயத்தில் அனுப்பியவருக்கே நேராகப் பதில் எழுதி, முழுப் பெயர், விலாசம், அடையாள அட்டை எண் எல்லாம் போட்டு மன்னிப்புக் கேட்டிருந்தார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பேச வேண்டுமானால் உங்களுக்கு இணைப்புத் தந்த நிறுவனத்தோடு பேசுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் ஒப்பந்தத்தைக் காட்டி இணைப்பைத் துண்டிக்க அவர்களுக்கு இடமிருக்கலாம், ஆகவே கிழித்துப் போடவும் வேண்டாம்.

நமது நாட்டுச் சட்டம் சும்மா இருக்கிறது என்றும் நினைக்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் பதிப்புரிமையை வேண்டுமென்றே மீறுவது குற்றம். நீதவான் நீதிமன்றத்தில் குற்றவாளியானால் ஐந்து லட்சம் ரூபாய் வரை தண்டப்பணம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். படிப்பு, ஆராய்ச்சி, விமர்சனம் போன்றவற்றுக்கான நியாயமான பயன்பாட்டுக்கு அதில் இடமிருக்கிறது. புத்தகத்தின் ஒரு பகுதியைப் படிப்புக்காகப் பிரதி எடுப்பது வேறு, முழுப் படத்தையும் இரவு முழுக்க ஊர் தெரியாதவர்களுக்கு ஏற்றிக்கொண்டிருப்பது வேறு. பின்னதை நியாயமான பயன்பாடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு உண்மையாகவே வழக்குக் கடிதம் வந்தால் என்னிடம் வராமல் சட்டத்தரணியிடம் போங்கள்.

வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். ஜெர்மனியில் சட்டத்தரணிகளிடமிருந்து நேராக வீட்டுக்குக் கடிதம் வரும், பல நூறு யூரோ கேட்டு. ஜப்பானில் சட்டவிரோதம் என்று தெரிந்துகொண்டு படமோ பாட்டோ இறக்குவதே 2012 ஒக்டோபரிலிருந்து தண்டனைக்குரிய குற்றம். கனடாவில் 2015 முதல் இணைப்பு நிறுவனம் நோட்டீஸைக் கட்டாயம் உங்களுக்கு அனுப்பியே ஆக வேண்டும். ஆனால் 2018 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்த நோட்டீஸுக்குள்ளே பணம் கட்டித் தீர்த்துக்கொள்ளச் சொல்ல முடியாது, ஆகவே கனடாவில் இருப்பவருக்குப் பணம் கேட்டு அப்படியொன்று வந்தால் சந்தேகப்பட வேண்டும். இங்கேயும் போலி நோட்டீஸ்கள் வருகின்றன. எந்தப் படம், எந்த ஐபி, எத்தனை மணி என்று ஒன்றும் இல்லாமல் ‘ஆதாரம் இணைப்பில் உள்ளது’ என்று ஒரு சிப் பைலை மட்டும் வைத்திருந்தால் திறக்கவே வேண்டாம். வைரஸ் அனுப்புவதற்கு இது ஒரு பழகிய வழி.

வீபிஎன் போட்டால் போதாதா என்று எல்லாப் பையன்களும் கேட்கிறார்கள். வீபிஎன் என்பது உங்கள் இணைப்பை வேறொரு நிறுவனத்தின் சேர்வர் வழியாகச் சுற்றி அனுப்புவது. அது உங்கள் முகவரியைக் கூட்டத்திலிருந்து மறைக்கும், உண்மை. ஆனால் அதுவரை இணைப்பு நிறுவனம் பார்த்த இடத்தில் இப்போது வீபிஎன் நிறுவனம் உட்கார்ந்திருக்கிறது. இலவசமாகத் தருகிறவர் அந்தச் செலவை எங்கிருந்து எடுக்கிறார் என்று யோசியுங்கள். இடையில் வீபிஎன் அறுந்தால் டொரன்ட் அதைப்பற்றிக் கவலைப்படாமல் உங்கள் சொந்த முகவரியிலேயே தொடரும், நம் மலையில் மழைக்காலத்தில் லைன் எத்தனை தரம் அறுகிறது என்று உங்களுக்கே தெரியும். பொது வைஃபையில் வங்கி வேலை பார்க்க, தனிப்பட்ட விஷயங்களைப் பாதுகாக்க நல்ல வீபிஎன் வைத்திருங்கள், நானே போட்டுத் தருகிறேன். அடுத்தவர் உழைப்பை எடுப்பதை அது சரியாக்காது.

நோட்டீஸைவிட எனக்குக் கவலை தருகிற விஷயம் ஒன்று இருக்கிறது. லைம்வயர், கசா மாதிரியான பழைய பகிர்வு மென்பொருள்களில் ஆட்கள் பாட்டு வைத்திருந்த போல்டரோடு சேர்த்து ‘மை டொக்கியுமன்ட்ஸ்’ முழுவதையும் தெரியாமல் உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள், வரிக் கணக்கும் வங்கி விபரமும் அப்படி வெளியே போனது. இப்போதும் அதே தவறை வேறு வடிவில் பார்க்கிறேன். கொமியூனிகேஷன் கடைகளின் கம்பியூட்டரில் வாடிக்கையாளர்களின் அடையாள அட்டைப் பிரதி, கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் டெஸ்க்டொப்பிலேயே கிடக்கும், அதே மெஷினில் டொரன்ட்டும் ஓடும், கிராக் பண்ணிய, அதாவது காசு கட்டாமல் பூட்டை உடைத்த, மென்பொருளும் ஓடும்.

கிராக் எவ்வளவு பாடுபடுத்தும் என்பதற்கு ஒரு ஸ்டூடியோக்காரரைச் சொல்ல வேண்டும். படம் திருத்துகிற மென்பொருளின் புதிய பதிப்பை டொரன்ட்டில் எடுத்திருக்கிறார். ‘அன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓட்டவும்’ என்று கூடவே இருந்த குறிப்பையும் அப்படியே கேட்டிருக்கிறார். மறுநாள் கல்யாண வீட்டுப் படங்கள் எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நான்கு எழுத்து ஒட்டியிருந்தது, ஒன்றும் திறக்கவில்லை, ஒவ்வொரு போல்டரிலும் பணம் கேட்டு ஒரு குறிப்பு. டிஜேவு என்ற வகை ரான்சம்வேர் அது, பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வைரஸ், பெரும்பாலும் கிராக்குகளோடு ஒட்டிக்கொண்டு பரவுவது. அதன் பழைய வகைகள் சிலவற்றுக்கு இலவச மீட்பு மென்பொருள் இருக்கிறது, இவருக்கு வந்ததற்கு அது வேலை செய்யவில்லை. மணமக்களுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் அந்த மனுஷன் கடைக்குள் நின்ற நிலையைப் பார்த்தவன் நான். வியாபாரத்துக்காகத் தெரிந்துகொண்டே களவு மென்பொருள் பாவிப்பதை மேலே சொன்ன 2003 சட்டம் தனியாகவே குற்றமாகச் சொல்கிறது என்பதையும் ஸ்டூடியோ, அச்சகம் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

டொரன்ட் மென்பொருளை வைத்திருப்பதே குற்றம் என்று யாரும் பிள்ளைகளை அடிக்க வேண்டாம். உபுண்டு மாதிரியான இலவச இயங்குதளங்களை அவர்களே டொரன்ட்டில் தருகிறார்கள், நம் வேகம் குறைந்த லைனில் நின்று நின்று இறக்க அதுதான் வசதி. பாடப் புத்தகங்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களமே இலவச பிடிஎஃப் ஆகத் தருகிறது, நம் எழுத்தாளர்களின் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் நூலகம் என்ற இணைய நூலகத்தில் கிடைக்கின்றன. டொரன்ட் பாவிப்பதானால் அமைப்புகளுக்குள் போய் விண்டோஸோடு சேர்ந்து தொடங்குவதை நிறுத்துங்கள், தேவை முடிந்ததும் ஐகனில் வலது பக்கம் அழுத்தி முழுதாக வெளியேறுங்கள், பகிர்வுக்கென்று ஒரு தனிப் போல்டர் வையுங்கள். போர்டிங் நடத்துபவர்கள் வீட்டுக்கு ஒரு வைஃபை, தங்குபவர்களுக்கு ‘கெஸ்ட்’ வைஃபை என்று கடவுச்சொல்லை மாற்றிப் பிரித்துவிடுங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் அந்த வசதி இருக்கிறது. ஆனாலும் வெளியில் தெரியும் முகவரி ஒன்றுதான் என்பதால் பையன்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவதும் அவசியம்.

கடைசியாக, நம் ஆட்களின் பொருளும் களவு போகிறது. உயர்தர வகுப்பு எடுக்கிற சேர் ஒருவர் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தயாரித்த டியூட்டை யாரோ ஸ்கேன் பண்ணி டெலிகிராம் குழுவில் போட்டிருந்தார்கள், சூம் வகுப்பின் பதிவு யூடியூபில் வேறு ஆளின் பெயரில் இருந்தது. அந்த நோட்டீஸை அவரும் அனுப்பலாம், காசு கட்டத் தேவையில்லை. யூடியூபில் அதற்கென்றே படிவம் இருக்கிறது, டெலிகிராமிலும் பொதுச் சேனல்களைப் பற்றி முறையிட வழி இருக்கிறது. உங்கள் ஆக்கம் எது, களவுப் பிரதி எந்த லிங்கில் இருக்கிறது, நீங்கள்தான் உரிமையாளர் என்ற உறுதிமொழி, இவ்வளவும் எழுத வேண்டும். யூடியூப் படிவத்தில் நீங்கள் போடுகிற முழுப் பெயர் வீடியோவை ஏற்றியவருக்குப் போகலாம் என்பதைத் தெரிந்துகொண்டு நிரப்புங்கள், தொடர்புக்கு வீட்டு மெயிலைக் கொடுக்காமல் இதற்கென்று தனியாக ஒரு மெயில் திறந்து கொடுங்கள்.