கண்ணாடித் தொட்டிக்குப் பின்னால்

கொழும்பை அடுத்த தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போகிறவர்கள் யானை, சிங்கம் எல்லாம் பார்த்துக் களைத்த பிறகுதான் பெரும்பாலும் மீன் காட்சியகத்துக்குள் நுழைவார்கள். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தால் "நல்லாத்தான் வச்சிருக்கிறாங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்வார்கள். ஆனால் தண்ணீரின் தெளிவை நம்பி எதையும் சொல்ல முடியாது. மீனைக் கொல்லும் அமோனியாவுக்கு நிறமே கிடையாது.

மீன் தின்ற புரதத்தின் கழிவு பெரும்பாலும் செவுள் வழியே அமோனியாவாக வெளியேறும். 35 சதவீதம் புரதமுள்ள தீனி ஒரு கிலோ போட்டால் சுமார் 30 கிராம் நைதரசன் அமோனியா வடிவில் தண்ணீரில் சேரும். அமோனியாவின் நஞ்சு, தண்ணீரின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் பிஎச் அளவைப் பொறுத்தது. கொழும்பின் 28 பாகை வெப்பத்தில், நன்னீரின் பிஎச் 7 என்றால் அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இராது. பிஎச் 8 ஆனால் ஆறேழு பங்காகிவிடும். கடல்நீர்த் தொட்டிகள் பெரும்பாலும் 8ஐ ஒட்டியோ அதற்கு மேலேயோதான் நிற்கும். அங்கே பிழைவிட இடமில்லை.

இதைச் சமாளிப்பது வடிகட்டியில் ஒட்டி வாழும் பற்றீரியாக்கள். ஒரு வகை அமோனியாவை நைத்திரைற்றாக்கும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதைப் பெரிதாகத் தீங்கில்லாத நைத்திரேற்றாக்கும். இந்தக் கூட்டம் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் எடுக்கும். புதுத் தொட்டியில் முதல் நாளே மீனை நிரப்பினால் சாவதற்குக் காரணம் இதுதான். பற்றீரியாவின் வேலையால் தண்ணீரில் அமிலத்தன்மையும் கூடும்: மேலே சொன்ன ஒரு கிலோ தீனிக்கு ஈடுகட்டக் கிட்டத்தட்ட 360 கிராம் அப்பச்சோடா வேண்டும்.

மின்வெட்டு வந்தால் முதலில் மூச்சுத் திணறுவது இந்தப் பற்றீரியாதான். மூடிய வடிகட்டிக்குள் ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் ஒட்சிசன் தீர்ந்துவிடும். நீண்ட நேரம் கழித்து மின்சாரம் வந்ததும் வடிகட்டிக்குள் தேங்கிய தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் விடக்கூடாது. முதலில் வெளியே கொட்ட வேண்டும். வடிகட்டிப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசுவது இன்னொரு பிழை. குளோரீன் பட்டால் ஆறு வாரப் பாடு வீணாகிவிடலாம். தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து அதில் அலச வேண்டும். கடல்நீர்த் தொட்டியில் ஆவியாகிக் குறைந்த அளவுக்கு நன்னீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல. ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே கிடக்கும்.

பார்க்கப் போகிறவர் கவனிக்க வேண்டியது மீனின் மூச்சு. மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து நின்றால், செவுள் படபடத்தால், தண்ணீரில் ஏதோ கோளாறு. இலங்கைக்கே உரிய 'புலத் ஹபயா' என்ற சிறு மீன் தொட்டியின் பராமரிப்புக்கு இன்னும் நல்ல சாட்சி. சிங்களத்தில் வெற்றிலை சப்புகிறவன் என்று பொருள். ஆண் மீனின் முன்பாதி வெற்றிலைச் சிவப்பாகும். நிழல் விழும் காட்டோடைகளில் வாழ்வது. கூசும் வெளிச்சத்தில், செடி நிழல் இல்லாத தொட்டியில் விட்டால் அந்தச் சிவப்பு வெளிறிவிடும்.