டெக்கின் மரச்சட்டத்தைத் தின்னும் பூஞ்சை

கனடாவின் ஸ்கார்பரோவில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டின் பின்புறம் திறந்தவெளியில் மரத்தாலான தளமாக அமைந்த டெக்கில் மேற்பலகைகள் பார்வைக்கு நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அடியில் அவற்றைத் தாங்கும் சட்டமொன்றில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் அது தடையின்றி உள்ளே இறங்குகிறது. அழுகாமலிருக்க மருந்தேற்றிய மரம் என்று சொல்லித்தான் விற்றார்கள். பிறகு ஏன் இற்றுப்போனது? மேலே பூச்சு அடித்தால் நின்றுவிடுமா?"

நிற்காது. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் மரத்தின் இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைப்பதால் டெக் சாம்பல் பூத்துப்போவது மேல்தோலோடு முடிந்துவிடும் சேதம்; அதற்குப் பூச்சு உதவும். வாசகர் சொல்வது பழுப்பு அழுகல் எனப்படும் பூஞ்சை நோய். இற்ற பகுதியிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்தெடுத்தால் அது கரும்பழுப்பாக, சிறு கனசதுரங்களாக வெடித்திருக்கும். விரல்களுக்கிடையே நசுக்கினால் பொடியாகும். சட்டத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவதற்குள்ளாகவே அதிர்ச்சியைத் தாங்கும் வலிமையில் பாதிக்கு மேல் போய்விடும். இவ்வளவு குறைவாகத் தின்றுவிட்டு இவ்வளவு வலிமையைக் குலைப்பது எப்படி என்பதுதான் எனக்கு இந்தப் பூஞ்சையின் மீது தீராத வியப்பை உண்டாக்குகிறது.

மரத்திற்கு வலிமை தருவது செல்சுவரில் உள்ள செல்லுலோஸ் சங்கிலிகள். அவற்றை வெட்டும் நொதிகள் பூஞ்சையிடம் உண்டு. ஆனால் செல்சுவரின் நுண்துளைகள் சில நானோமீட்டர் அகலமே கொண்டவையாதலால், அந்தப் பெரிய புரத மூலக்கூறுகளால் உள்ளே நுழைய முடியாது. ஆகவே பூஞ்சை தான் நுழையாமல், மிகச் சிறிய மூலக்கூறுகளை அனுப்புகிறது. முதலில் அது சுரக்கும் ஆக்சாலிக் அமிலம், சுற்றுப்புறத்தில் கிடைக்கும் இரும்பைக் கரைத்துப் பிடித்துக்கொள்கிறது. பூஞ்சை இழையை ஒட்டிய இடம் கடும் அமிலத்தன்மை உடையது. அங்கே அந்த இரும்பு, அமிலத்திலிருந்து வரும் ஆக்சலேட்டின் பிடியில் அமைதியாக இருக்கிறது. செல்சுவருக்குள் ஊடுருவிச் செல்லச் செல்ல அமிலத்தன்மை குறைகிறது, ஆக்சலேட்டின் பிடியும் தளர்கிறது. அங்கே பூஞ்சை அனுப்பிய மற்றொரு சேர்மமான ஹைட்ரோகுவினோன், இரும்புக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கிறது. அவ்வாறு மாறிய இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சந்தித்ததும் ஹைட்ராக்சில் தனி உறுப்பு (radical) என்னும் கடும் வினைத்திறன் கொண்ட துணுக்கு பிறக்கிறது. ஹென்றி ஃபென்டன் என்னும் ஆங்கிலேய வேதியியலாளர் 1894-இல் விவரித்த வினையே இது.

ஹைட்ராக்சில் தனி உறுப்பு எதிர்ப்படும் எதையும் தாக்கும், பூஞ்சையையும் விட்டுவைக்காது. ஆனால் அதன் ஆயுள் நானோ நொடிகளில் அளக்கப்படுவதால், பிறந்த இடத்திலிருந்து சில நானோமீட்டருக்கு மேல் அதனால் போக முடியாது. ஆகவே பூஞ்சை அதைத் தன்னிடமிருந்து தள்ளி, மரத்தின் சதைக்குள்ளேயே பிறக்க வைக்கிறது: அமிலத்தன்மையின் ஏற்ற இறக்கம் ஒன்றையே கருவியாகக் கொண்டு, வெடிமருந்தின் பாகங்களைத் தனித்தனியே அனுப்பி எதிரியின் கோட்டைக்குள் ஒன்றுசேர்ப்பது போல. நீண்ட செல்லுலோஸ் சங்கிலிகள் அங்குமிங்கும் அறுபடும் அந்தக் கணத்திலேயே வலிமை போய்விடுகிறது. சுவர் தளர்ந்த பிறகு நொதிகள் மீதியை நிதானமாகச் செரிக்கின்றன. பெரும்பாலும் உண்ணப்படாமல் எஞ்சும் லிக்னின்தான் அந்தப் பழுப்பு நிறம்.

இத்தனைக்கும் தண்ணீர் வேண்டும். உலர் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டு ஈரம் இருந்தால்தான் சிதைவு தொடங்கும்; 20 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருந்தால் மரம் பாதுகாப்பாக இருக்கும். மேற்பலகை மழையில் நனைந்தாலும் வெயிலில் காய்ந்துவிடுகிறது. பலகையும் சட்டமும் தொடும் இடுக்கிலோ, பனி உருகிய நீரும் சருகும் தங்க, அந்த நீர் திருகாணி துளைத்த வழியாக உள்ளே இறங்குகிறது. மருந்தேற்றிய மரம் என்றாலும் மருந்து பெரும்பாலும் வெளிப்புற அடுக்கோடு நின்றுவிடும். அளவுக்கு அறுத்த முனையும் திருகாணித் துளையும் மருந்தில்லாத நடுப்பகுதிக்கு வாசல் திறக்கின்றன.

அந்த மருந்தின் வரலாற்றில் நம் நாட்டுக்குப் பெரிய பங்குண்டு. தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த கலவையை 1930-களில் உருவாக்கியவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம். உலகெங்கும் எத்தனையோ தந்திக் கம்பங்களையும் டெக்குகளையும் அது காத்தது. ஆர்சனிக் குறித்த அச்சத்தால் 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டு உபயோகத்திலிருந்து அது விலக்கப்பட்டு, தாமிரத்தை முதன்மையாகக் கொண்ட மருந்துகள் வந்தன. சில பழுப்பு அழுகல் பூஞ்சைகள் இந்தத் தாமிரத்தையும் அதே ஆக்சாலிக் அமிலத்தால் கரையாத உப்பாக்கி முடக்கிவிடுகின்றன! மரத்தைக் காக்கும் அறிவு முழுவதும் பூஞ்சையை அறிவதில்தான் இருக்கிறது. அப்படியிருக்க, பூஞ்சையியலுக்கு நம் பல்கலைக்கழகங்கள் ஒதுக்கும் பணமும் இடமும் மிகக் குறைவு என்றே நான் கருதுகிறேன்.

வாசகர் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். பூஞ்சை இழைகள் கண்ணுக்குத் தெரியும் சிதைவைத் தாண்டிப் பரவியிருக்குமாதலால், அதற்கு அப்பால் 60 செ.மீ. வரையுள்ள மரமும் அகற்றப்பட வேண்டும். தாங்கும் சட்டம் என்பதால் முழுவதையும் மாற்றிவிடுவதே நல்லது. புதுச் சட்டத்தின் அறுத்த முனைகளில் தாமிர நாப்தனேட் என்னும் மரக்காப்புக் கரைசலைத் தாராளமாகப் பூசி, மேல்விளிம்பில் நீர்புகாப் பட்டையை ஒட்டிய பிறகே பலகையைத் திருகுங்கள். தாமிர மருந்து சாதாரண எஃகை அரிக்கும். அரிபடும் இரும்பு ஈரமான மரத்தையும் கெடுக்கும். எனவே துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளையோ, சூடாகத் துத்தநாகம் முக்கியெடுத்தவற்றையோ பயன்படுத்துங்கள். மேற்பலகைகளுக்குத் தடித்த பெயின்ட் வேண்டாம். அது விரிசல் வழியே நீரை உள்ளே விட்டுவிட்டுக் காயவிடாமல் தடுக்கும். மரத்தில் ஊறும் ஸ்டெயின் போதும். 2004-க்கு முற்பட்ட டெக் என்றால் கழித்த மரத்தை எரிக்காதீர்கள், சாம்பலில் ஆர்சனிக் இருக்கும். வீட்டுச் சுவரோடு டெக்கைப் பிணைக்கும் பலகையிலும் அதே ஸ்க்ரூடிரைவரால் இன்றே குத்திப் பாருங்கள். அது இறங்கினால், தச்சர் வந்து பார்க்கும்வரை யாரும் டெக்கில் ஏற வேண்டாம்.