ஸ்மோக்கைக் கழற்றிவிட்டு ஹீட் போடலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஃபயர் அலாரம் வேலை பார்க்கிறவனுக்குப் பண்டிகைக் காலம் வந்தால் போன் ஓயாது. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ், அப்புறம் புரட்டாசி, அப்புறம் தைப்பூசக் காவடி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஏதாவது ஒரு கோவில் கமிட்டியிலிருந்து அழைப்பு வரும். "தம்பி, போன தடவை தீபாராதனை நடுவுல பெல் அடிச்சு ஜனமெல்லாம் வெளியே ஓடிருச்சு. அந்த ஸ்மோக்கைக் கழட்டிட்டு ஹீட் போட்டுக் குடுத்துடுங்க." ஸ்மோக் என்றால் புகையை உணர்ந்து அலாரம் கொடுக்கும் டிடெக்டர், ஹீட் என்றால் சூட்டை உணர்ந்து கொடுப்பது. கல்யாண மண்டபக்காரர், பிரியாணி சமைத்துக் கொடுப்பவர், துணிக்கடைக்காரர் எல்லாரும் கேட்பது இதையேதான்.

பாதி இடங்களில் இந்தக் கோரிக்கை நியாயமானது. மீதிப் பாதியில் அது உயிருக்கு உலை வைக்கும். எது எது என்று பிரித்துப் பார்க்க, ஹீட் டிடெக்டர் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சமாவது தெரிய வேண்டும். ஸ்மோக்கின் கொஞ்சம் மந்தமான தம்பிதான் ஹீட் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது பார்ப்பதே வேறு விஷயம்.

இப்போது பெரும்பாலும் வரும் ஸ்மோக் டிடெக்டருக்குள் ஓர் இருட்டறை இருக்கிறது. அதில் ஓர் ஒளிக்கற்றை, சென்சார்மேல் நேராகப் படாதபடி ஓடும். துகள் ஏதாவது நுழைந்தால் ஒளி சிதறி சென்சாரில் விழும். அலாரத்தை அடிக்கவைக்கும் பேனலுக்குச் செய்தி போய்விடும். நுழைந்தது சாம்பிராணிப் புகையா, திரைச்சீலை கருகிய புகையா என்று அதற்குத் தெரியாது. இட்லிப் பானை ஆவியும் மாவுத் தூசியும் அதற்கு ஒன்றுதான். இந்த ஊர் ஈரப்பதத்தில் உள்ளே குடியேறும் பூச்சியும் அப்படியே. ஹீட் டிடெக்டருக்குப் புகையைப் பற்றிக் கவலையே கிடையாது. சீலிங்கை ஒட்டி வரும் காற்று எவ்வளவு சூடு, எவ்வளவு வேகமாகச் சூடேறுகிறது, இந்த இரண்டுதான் அதன் கணக்கு.

முதல் கணக்கை மட்டும் பார்ப்பது நிலைவெப்ப வகை. குறித்த வெப்பநிலை வந்தால் அலாரம், வராவிட்டால் சும்மா இருக்கும். இது பழைய யோசனைதான். எடிசனோடு வேலை பார்த்த ஃபிரான்சிஸ் அப்டனும் ஃபெர்னாண்டோ டிபிளும் மின்சாரத் தீ அலாரத்துக்கு அமெரிக்காவில் 1890லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். இன்றைக்கும் சில மாடல்களில் உள்ளே இருப்பது ஒரு சொட்டு உலோகக் கலவைதான். பிஸ்மத், ஈயம், வெள்ளீயம், காட்மியம் சேர்ந்த உட்ஸ் மெட்டல் 70 டிகிரி வாக்கில் உருகிவிடும். உருகியதும் பிடித்துவைத்திருந்த ஸ்பிரிங் விடுபட்டு மின்தொடர்பு சேரும். ஒருமுறை உருகினால் கதை முடிந்தது, புதிதுதான் மாட்ட வேண்டும். வேறு சிலவற்றில் இரண்டு உலோகம் ஒட்டிய தகடு இருக்கும். இரண்டும் ஒரே அளவு விரியாததால் சூட்டில் வளைந்து தொடர்பைச் சேர்க்கும். ஆறினால் பழைய நிலைக்குத் திரும்பும்.

இந்த வகையில் ஒரு சிக்கல் இருக்கிறது. 57 டிகிரி என்று குறித்த டிடெக்டர் என்றால், காற்று 57 ஆன நொடியிலேயே உள்ளேயிருக்கும் உலோகமும் 57 ஆகிவிடாது. அடுப்பைப் பற்றவைத்த உடனே தோசைக்கல் காய்ந்துவிடுகிறதா என்ன? எண்ணெய்ச் சட்டியில் பிடித்த தீ மாதிரி வேகமாக ஏறும் தீயில், டிடெக்டர் விழித்துக்கொள்வதற்குள் அதைச் சுற்றியுள்ள காற்று குறித்த அளவைவிட எவ்வளவோ மேலே போயிருக்கும். லேபிளில் 57 என்று போட்டிருப்பதால் அறை 57 ஆனவுடன் மணி அடிக்கும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

இதற்கு மாற்றாக வந்ததுதான் வேகத்தைப் பார்க்கும் வகை. ரேட் ஆஃப் ரைஸ் என்போம். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது காற்றறை மாடல். எலக்ட்ரானிக்ஸ் ஒன்றும் கிடையாது. மூடியைக் கழற்றினால் உள்ளே மெல்லிய உலோகக் கிண்ணம் ஒன்று, அதன் வாயை மூடிய சவ்வு, சவ்வுக்கு மேலே முடிக்கனம் இடைவெளி விட்டு ஒரு தொடர்புமுனை. கிண்ணத்தில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு சின்ன வழி விட்டிருப்பார்கள். சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரியும். மெதுவாக விரிந்தால் அந்த வழியே கசிந்து போய்விடும், சவ்வு அசையாது. பிப்ரவரியில் டர்பனில் ஒரு நாள் காலை 24 டிகிரி, மதியம் 32 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எட்டு டிகிரி ஏற அரை நாள் ஆகிறது, அதனால் டிடெக்டர் கண்டுகொள்ளாது. அதே எட்டு டிகிரி அரை நிமிடத்தில் ஏறினால் காற்று வெளியேற நேரம் போதாது. சவ்வு உப்பித் தொடர்புமுனையைத் தொட்டுவிடும். அமெரிக்க மாடல்களில் நிமிடத்துக்கு 8.3 டிகிரி என்று வைத்திருப்பார்கள். சவ்வும் ஓட்டையும் மட்டும் வைத்து இவ்வளவு நுணுக்கமாக ஒன்றைச் செய்திருக்கிறார்களே என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஆனால் புகைந்து புகைந்து மெதுவாக வளரும் தீயில் இந்த ஓட்டையே எதிரி. சூடு நிதானமாக ஏறுவதால் காற்றெல்லாம் கசிந்துவிடும், மணி அடிக்காது. அதனால்தான் வேகம் பார்க்கும் டிடெக்டரோடு நிலைவெப்பப் பகுதியையும் சேர்த்தே விற்கிறார்கள். இரண்டில் எது முந்துகிறதோ அது அலாரம் கொடுக்கும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. தீ இல்லாமலே திடீரென்று சூடேறும் இடங்கள் இருக்கின்றன. பேக்கரியில் ரொட்டி அடுப்பின் கதவைத் திறந்தால் சூடு குப்பென்று மேலே போகும். பிரியாணி தேக்ஸாவின் தம் உடைக்கும்போது எழும் ஆவியும் அப்படித்தான். மீன் வைக்கும் குளிரறையில் கதவு திறந்தால் வெளியிலிருக்கும் வெதுவெதுப்பான காற்றுப் புகுந்தாலே போதும், நிமிடக் கணக்கில் பல டிகிரி ஏறிவிடும். இங்கெல்லாம் வேகம் பார்க்கும் வகையை மாட்டினால் பழைய பொய் அலாரம் போய்ப் புது பொய் அலாரம் வரும். "ஹீட் போட்டும் அடிக்குதே" என்று என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

தாமதத்தை ஈடுசெய்யும் வகை என்று ஒன்றும் உண்டு. குழாய் போன்ற வெளிக்கூடு சூட்டில் நீளும், உள்ளே இருக்கும் கம்பிகள் குறைவாக நீளும். வேகமான தீயில் கூடு முந்திக்கொண்டு நீள்வதால், முன்னே சொன்ன தாமதம் கிட்டத்தட்ட இல்லாமல் போகும். விலை அதிகம். எரிபொருள், ரசாயனம் புழங்கும் தொழிற்சாலைகளில் பார்க்கலாம், கோவில் பக்கம் வராது.

இன்று புதிதாக மாட்டுவதில் பெரும்பாலானவை தெர்மிஸ்டர் வைத்தவை. சூடு ஏற ஏற மின்தடை குறையும், பாசிமணி அளவிலான சின்னப் பொருள் அது. ஒன்றை வெளிக்காற்றில் நீட்டி, இன்னொன்றை உள்ளே மூடி வைத்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்தே வேகம் தெரிந்துவிடும். சர்க்யூட் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது? டிடெக்டரின் பின்பக்க லேபிளைத் திருப்பிப் பாருங்கள். ஐரோப்பியத் தரம் இ.என். 54இன் ஐந்தாம் பகுதிப்படி அங்கே ஓர் எழுத்து இருக்கும். ஏ1 என்றால், வழக்கமாக 25 டிகிரியும் அதிகபட்சம் 50 டிகிரியும் இருக்கும் இடத்துக்கு. வெப்பம் மெதுவாக ஏறும்போது அது 54க்கும் 65க்கும் நடுவில் அலாரம் கொடுக்கும். ஏ2 என்றால் அந்த மேல் எல்லை 70. பி என்றால் அறை 65 டிகிரிவரை போகலாம், அலாரம் 69க்கும் 85க்கும் நடுவில். இப்படியே ஜிவரை போகும். எழுத்துக்குப் பின்னால் ஆர் இருந்தால் வேகத்தையும் பார்க்கும் என்று அர்த்தம். எஸ் இருந்தால், எவ்வளவு வேகமாகச் சூடேறினாலும் அந்தக் கீழ் எல்லை வரும்வரை வாயைத் திறக்காது என்று உத்தரவாதம்.

இந்த ஓர் எழுத்தில்தான் பாதிப் பிரச்சினை தீர்கிறது. மடப்பள்ளிக்கும் பேக்கரிக்கும் எஸ். கார் நிறுத்தும் இடம், சாமான் அறை மாதிரி சூடு சீராக இருக்கும் இடங்களுக்கு ஆர். டர்பனின் சாட்ஸ்வர்த் பக்கம் ஜிங்க் ஷீட் கூரை போட்ட மண்டபங்களில் சீலிங் பலகை இல்லாமல் ஷீட்டுக்கு அடியிலேயே மாட்டச் சொல்வார்கள். ஜனவரி வெயிலில் அந்த ஷீட்டைத் தொட முடியாது. அங்கே ஏ1 மாட்டினால், தீயே இல்லாமல் மத்தியானம் இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பி வகுப்பு வேண்டும்.

இனி, மாட்டக் கூடாத இடம். இந்த ஊரில் ஒரு துணிக்கடை, மூன்று மாடி. மேல்மாடியில் புடவை மூட்டைகள் அடுக்கியிருந்த கோடவுனுக்கு வெளியே வாசனைப் பத்தி வைப்பார்கள், ஸ்மோக் அடிக்கடி கத்தும். முதலாளி ஹீட் கேட்டார்.

"அண்ணாச்சி, ராத்திரி மேலே யாரு இருப்பா?"

"யாருமில்லப்பா. வாட்ச்மேன் பையன் மட்டும் கட்டில் போட்டுப் படுப்பான்."

"அப்ப ஹீட் போட முடியாது."

அவருக்குக் கோபம். செலவைக் கூட்டப் பார்க்கிறான் என்று நினைத்திருப்பார். துணி மூட்டை, மெத்தை, சோபா எல்லாம் முதலில் தீப்பிழம்பாக எரிவதில்லை, புகையத்தான் செய்யும். தூங்குகிறவனைக் கொல்வது பெரும்பாலும் தீ அல்ல, அந்தப் புகையும் அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடும்தான். சீலிங்கில் 54 டிகிரி ஆகும் அளவுக்குத் தீ வளர்ந்தபோது அந்த அறையில் யாரும் எழுந்து நடக்கும் நிலையில் இருக்க மாட்டார்கள். ஹீட் டிடெக்டர் பொருளைக் காப்பாற்றும் கருவி. படுக்கை அறை, அங்கிருந்து வெளியேறும் நடை, மாடிப்படி மூன்றிலும் ஸ்மோக்தான். இதில் பேரமே கிடையாது. கடைசியில் பத்தி வைக்கும் இடத்தை மாற்றினோம், டிடெக்டரைச் சுத்தம் செய்தோம், ஒரே ஓர் இடத்தில் புகை, சூடு இரண்டையும் பார்க்கும் மல்டி சென்சார் போட்டோம். கத்தல் நின்றது.

நியாயமாக மாற்றும் இடத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஸ்மோக் இருந்த அதே பேஸில், அதாவது சீலிங்கில் பதித்த அடித்தட்டில், ஹீட்டைத் திருகிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் தீ அலாரத்துக்கு நாங்கள் பார்ப்பது சான்ஸ் 10139 என்ற தரவிதி. பிரிட்டிஷ் பி.எஸ். 5839 வழியில் வந்த விதி. அந்த பிரிட்டிஷ் விதிப்படி சீலிங்கின் எந்தப் புள்ளியிலிருந்தும் ஸ்மோக் டிடெக்டர் 7.5 மீட்டருக்குள் இருந்தால் போதும். ஹீட் என்றால் 5.3 மீட்டருக்குள் இருக்க வேண்டும். 30க்கு 20 மீட்டர் மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுரக் கட்டமாகப் போட்டால் 6 ஸ்மோக் போதும். ஹீட்டுக்கு 12 வேண்டும். ஆறு பேஸில் ஆறு ஹீட்டை மாட்டினால் மண்டபத்தின் மூலைகளையும், டிடெக்டர்களுக்கு இடையிலுள்ள சில இடங்களையும் யாரும் பார்ப்பதில்லை என்று பொருள். உயரத்துக்கும் எல்லை உண்டு. பொதுவாக ஏ1 வகுப்புக்கு 9 மீட்டர், மற்ற வகுப்புகளுக்கு 7.5. உயரமான மகா மண்டபத்தில் சூடு மேலே போய்ச் சேருவதற்குள் விரிந்து ஆறிப்போகும். சீலிங்கிலிருந்து தொங்கவிட்டாலும் பயனில்லை. உணரும் முனை சீலிங்குக்குக் கீழே 25 முதல் 150 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், சூடான காற்று அந்த அடுக்கில்தான் ஓடுகிறது. ஒவ்வொரு டிடெக்டரையும் தனி எண்ணால் அடையாளம் காணும் அட்ரஸபிள் பேனலாக இருந்தால் வகை மாறியதைப் பேனலிலும் பதிய வேண்டும்.

கரும்பு ஆலைப் பக்கம் போனால் வேறு உருவம். சக்கை ஓடும் கன்வேயர் நெடுகிலும் ஒரு கேபிள் போகும், அதுவே டிடெக்டர். முறுக்கிய இரண்டு எஃகுக் கம்பிகள், நடுவே சூட்டில் இளகும் பூச்சு. 68 டிகிரி, 88 டிகிரி என்று ரகம் உண்டு. எங்காவது ஓரிடத்தில் சூடு அந்த அளவைத் தொட்டால் பூச்சு இளகி, கம்பிகள் ஒட்டிக்கொண்டு அலாரம் போகும். அந்தத் துண்டை வெட்டிப் புதுத் துண்டு சேர்த்தால் சரி. 1860இல் ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து நம்மவர்களைக் கொண்டுவந்து இறக்கியது இந்தக் கரும்புக்காகத்தான். இன்று அதே தொழிலில் தமிழ்ப் பையன்கள் இந்தக் கேபிளை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக டெஸ்ட். லைட்டரைக் கொளுத்திக் கீழே காட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் உருகும், கருகும், டிடெக்டர் கெட்டுப்போகும். அளவாகச் சூடான காற்று ஊதும் கருவியைக் கம்பில் மாட்டித்தான் பார்க்க வேண்டும். பெயின்ட் அடிக்கிறவர்கள் டிடெக்டர் மேலேயும் ஒரு கோட் இழுத்துவிடுவார்கள். அந்தப் பூச்சு சூட்டைத் தாமதப்படுத்தும். சுரண்டாதீர்கள், மாற்றிவிடுங்கள். உருகும் கலவை வைத்த வகையைச் சூடு காட்டி டெஸ்ட் பண்ண முடியாது, பண்ணினால் அதோடு சரி. சில மாடல்களில் உருகியதும் நடுவிலுள்ள சின்ன உலோகத் தகடு கழன்று விழுந்துவிடும், கீழிருந்து பார்த்தாலே தெரியும். வேகப் பகுதியும் உருகும் பகுதியும் சேர்ந்த மாடலில் இதமான சூட்டில் வேகப் பகுதியை மட்டும் சோதித்து, உருகும் பகுதி தொடப்படாமல் நிறுத்த வேண்டும். கை பழகியவர் செய்ய வேண்டிய வேலை. உருகும் வகைக்கு தீ அலாரத்துக்கான அமெரிக்க என்.எஃப்.பி.ஏ. 72 விதி 15 வருடம் கொடுக்கிறது. அதற்குப்பின் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், அல்லது நூற்றுக்கு இரண்டைக் கழற்றி லேபில் சோதிக்க வேண்டும். உங்கள் கட்டடத்தில் அந்த வகை இருந்து, சர்வீஸ் ரிப்போர்ட்டில் வருடா வருடம் 'ஹீட் டெஸ்ட் ஓகே' என்று மட்டும் எழுதியிருந்தால், எந்தப் பகுதியை எப்படிச் சோதித்தீர்கள் என்று சர்வீஸ்காரரை உட்காரவைத்துக் கேளுங்கள்.