வெப்பத்தில் விழிக்கும் மரபணு: லேசர் வாட்டை மட்டும் நம்ப வேண்டாம்

உடலில் பதித்த செல்கள், வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் மட்டும் ஒரு புரதத்தைச் சுரக்க வேண்டும். அதற்காகத்தான் ஹைட்ரோஜெல் என்ற, நீர் நிறைந்த மென்கூழில் செல்களோடு தங்க நானோதுகள்களையும் கலந்து பதித்து, தோலுக்கு வெளியிலிருந்து 808 நானோமீட்டர் லேசரைப் பாய்ச்சுகிறார்கள். துகள் சூடாகும். செல்லுக்குள் சூட்டை உணரும் எச்எஸ்எஃப்1 புரதம் மும்மூன்றாகச் சேர்ந்து, வெப்பக் காப்புப் புரதமான எச்எஸ்பி70-இன் மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதியில், அதாவது அதன் புரோமோட்டரில், அமரும். அதையொட்டி வைத்த மரபணு, எலும்பு வளர்க்கும் பிஎம்பி-2 புரதத்துக்கானது என்றால் அதுவே, இயங்கத் தொடங்கும். மாட்ரிட்டில் நூரியா விலபோவா குழுவினர் இதை எலிகளில் செய்து காட்டியிருக்கிறார்கள். எலிகளில் நடக்கும் ஆய்வைச் சிகிச்சை என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

உருண்டைத் தங்கத்துகள் இதற்கு உதவாது. அது 520 நானோமீட்டர் பக்கம்தான் ஒளியை உறிஞ்சும். கோல்வடிவமோ உள்ளீடற்ற கோளமோ வேண்டும். கோல் என்றால், தயாரிப்பில் ஒட்டியிருக்கும் சிடிஏபி என்ற சோப்பு போன்ற வேதிப்பொருள் செல்லைக் கொல்லும். நன்றாகக் கழுவிவிட வேண்டும். ரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் புரதத்தில் செய்யும் ஜெல்லில், செல்லையும் துகளையும் முதலில் அதன் மூலப்பொருளான ஃபைப்ரினோஜனில் கலந்து, அதை உறைய வைக்கும் த்ராம்பினைக் கடைசியாகச் சேருங்கள். அதன்பின் கலக்க அவகாசம் கிடைக்காது. துகள் திரண்டால் ஒரு மூலை வேகும், மறுமூலை விழிக்காது.

முழுச் சிக்கலும் வெப்ப அளவில்தான். 43 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் பாதிப்பு இரட்டிக்கும் என்பது வழக்கமான கணக்கு. 44 டிகிரியில் 10 நிமிடம், 43 டிகிரியில் 20 நிமிடத்துக்குச் சமம். 46 டிகிரியில் அதே 10 நிமிடம், 43 டிகிரியின் 80 நிமிடம் ஆகிவிடும். வெப்பக் கேமரா மேல்தோலை மட்டுமே காட்டும். வெப்பம் அளக்கும் கம்பியான தெர்மோகப்பிளின் உலோகமோ தானே லேசரை உறிஞ்சி அளவைக் கூட்டிக் காட்டும். லேசரை நிறுத்தியதும் சட்டென விழும் பகுதி பொய் அளவு, மெல்ல இறங்குவதுதான் ஜெல்லின் சூடு. துகளற்ற ஜெல்லுக்கும் அதே லேசரைக் கொடுத்து ஒப்பிடாத முடிவை நாங்கள் ஏற்பதில்லை. வெள்ளை எலியில் கிடைத்த வாட்டைக் கறுத்த தோலுக்கு அப்படியே வைத்தால் மெலனின் உறிஞ்சித் தோலே சுடும்.

காய்ச்சல், ரத்தஓட்டக் குறைவு, காட்மியம் என்ற நச்சு உலோகம் என எதுவும் இதே புரோமோட்டரைத் தட்டி எழுப்பலாம். அதனால்தான் சூட்டோடு ராபமைசின் என்ற மருந்தும் இருந்தால் மட்டுமே திறக்கும் இரட்டைப் பூட்டு வந்தது. வெறும் சூட்டுச் சுவிட்சில் இன்னொரு தொல்லை: முதல் சூட்டில் பெருகிய எச்எஸ்பி70, எச்எஸ்எஃப்1-ஐ அடக்கிவிடும். மறுநாளே மீண்டும் சுட்டால் சுரப்பு குறையலாம். அதைப் பார்த்து வாட்டை ஏற்றுவதுதான் செல்கள் சாகும் வழி, இடைவெளியை நீட்டுங்கள்.

808 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் யாரும் அறைக்குள் நிற்கக் கூடாது.