டவர் வேறு, வரதட்சணை வேறு

ஆங்கிலேயப் பிரபுக் குடும்பங்களைப் பற்றித் தமிழில் வரும் எழுத்துகளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: கணவர் இறந்ததும் கோமாட்டி தன் வரதட்சணை நிலத்தில் குடியேறினார். கணவர் இறந்த பிறகு என்ன வரதட்சணை? யார் யாருக்குக் கொடுத்தது? வாசகர் ஒரு கணம் விழிப்பார். சரி, வெள்ளைக்காரர்கள் வழக்கம் போலிருக்கிறது என்று அடுத்த வரிக்குப் போய்விடுவார். மொழிபெயர்த்தவரும் அப்படித்தான் போயிருக்கிறார்.

ஆங்கில மூலத்தில் இருக்கும் சொல் டவர். (செல்போன் டவரும் தமிழ் எழுத்தில் இதே உருவம்தான், என்ன செய்வது.) டவர், வரதட்சணையைக் குறிக்கும் டவுரி இரண்டும் லத்தீனில் 'தோஸ்' என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தவை. முன்பு டவுரி என்று எழுதிவிட்டு டவரைக் குறித்தவர்களும் உண்டு. வேர்க்கதை இவ்வளவு போதும், பொருளுக்கு வருவோம்.

டவுரி பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை பக்கம் போவது. டவர் கணவனின் சொத்திலிருந்து மனைவிக்கு வருவது, அதுவும் அவன் இறந்த பிறகு. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டப்படி கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கைம்பெண் தன் ஆயுள் முழுக்க அனுபவிக்க முடிந்தது. அவள் காலத்துக்குப் பின் அது கணவனின் வாரிசுக்குத் திரும்பிவிடும். 1215இன் மாக்னா கார்ட்டா உரிமைச் சாசனத்திலேயே இதற்கு இடம் உண்டு: கைம்பெண் 40 நாள் கணவன் வீட்டில் இருக்கலாம், அதற்குள் அவள் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். கணவன் உயிரோடு இருக்கும்போது நிலத்தை விற்றாலும், மனைவி முறைப்படி சம்மதிக்காவிட்டால் இந்த உரிமை போகாது. வாங்கியவர் தலையில் அது உட்கார்ந்திருக்கும்.

நிலத்தை விற்க, வாங்க இது பெரிய இடைஞ்சல் என்பதால் பணக்காரக் குடும்பங்கள் வேறு வழி கண்டுபிடித்தன. அதன் பெயர் ஜாயின்ச்சர். கல்யாணம் பேசும்போதே, 'நான் இறந்தால் இன்ன இன்ன நிலத்தின் வருமானம் இவளுக்கு' என்று எழுதிவைத்துவிடுவது. 1536இல் வந்த சட்டம் ஒன்று, திருமணத்துக்கு முன்பே இப்படி எழுதிவைத்திருந்தால் பிறகு டவர் கேட்க முடியாது என்றாக்கியது. கல்யாணப் பேச்சே இதை வைத்துத்தான் நடக்கும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெண் வீட்டார் 1,000 பவுண்டு கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டார் ஆண்டுக்கு 100 பவுண்டு அளவில் ஜாயின்ச்சர் எழுதுவது பொதுவான கணக்கு. இந்த 1,000 பவுண்டுதான் நம் வரதட்சணைக்கு ஒப்பானது. அந்த 100 பவுண்டையும் வரதட்சணை என்று எழுதினால் வரவையும் செலவையும் ஒரே பத்தியில் போட்ட மாதிரி ஆகிவிடும்.

ஆங்கிலேயக் கோமாட்டி ஆன் கிளிஃபோர்டின் கதையில் இந்தத் தவறு எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள். 1590இல் ஸ்கிப்டன் கோட்டையில் பிறந்தவர். தந்தை கம்பர்லாந்து பிரபு 1605இல் இறந்தபோது நிலத்தையெல்லாம் தன் தம்பி ஃபிரான்சிஸுக்கு எழுதிவிட்டு, ஒரே வாரிசான மகளுக்கு 15,000 பவுண்டு பணம் மட்டும் வைத்தார். இரண்டாம் எட்வர்டு காலத்து ஏற்பாட்டின்படி நிலம் ஆணோ பெண்ணோ நேர் வாரிசுக்கே சேரும் என்று ஆனும் தாய் மார்கரெட்டும் வழக்காடினார்கள். மார்கரெட்டுக்கு வடக்கு இங்கிலாந்தின் வெஸ்ட்மர்லாந்தில் ஜாயின்ச்சர் நிலங்கள் இருந்தன. 1616இல் அவர் இறந்ததும் அவற்றுக்கு ஃபிரான்சிஸ் உரிமை கொண்டாடி வந்துவிட்டார். இங்கே ஜாயின்ச்சருக்கு 'வரதட்சணை' போட்டுப் படியுங்கள்: தாய் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சொத்தைக் கொழுந்தன் அபகரித்துவிட்டான் என்று ஆகிறது. உண்மையில் அது கணவன் வீட்டு நிலம். அவர் ஆயுளோடு அந்த உரிமை முடிந்ததால்தான் அடுத்து யாருக்கு என்ற சண்டையே வந்தது. வழக்கின் முடிச்சே இதுதான், அது வாசகருக்குத் தெரியாமலே போகிறது.

ஆனின் கணவர் டார்செட் பிரபு சூதாடிச் செலவழித்தவர், அவருக்குப் பணம் வேண்டும். 1617 ஜனவரியில் மன்னர் முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில் சமரசம் பேசினார்கள். வெஸ்ட்மர்லாந்தை எந்த நிபந்தனைக்கும் விடமாட்டேன் என்று ஆன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மன்னரின் தீர்ப்பு சித்தப்பா பக்கம் போனது, ஈட்டுத்தொகை கணவர் கைக்குப் போனது. அதே ஆண்டு கணவர் தனக்கு எழுதிவைத்த ஜாயின்ச்சரை ரத்து செய்துவிட்டார் என்று ஆன் நாட்குறிப்பில் எழுதுகிறார். வழிக்குக் கொண்டுவர அது ஓர் ஆயுதம். கணவர் ஆனின் 'வரதட்சணையை ரத்து செய்தார்' என்று மொழிபெயர்த்தால், ஆகா, நல்ல மனிதர் என்றல்லவா தோன்றும்?

சரி, தமிழில் என்ன சொல்வது? சீதனம் என்பார்கள் சிலர். யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் சீதனம் பெண்ணின் சொந்தச் சொத்து. அந்த அளவில் வரதட்சணையைவிடக் கண்ணியமான சொல்தான். ஆனால் அது தாய் தந்தை கொடுப்பது, திசை மாறவில்லை. பரிசம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தாலும் கல்யாணத்தோடு முடிந்துவிடுகிறது. இந்திய நீதிமன்றங்களின் ஆங்கிலத்தில் இஸ்லாமியத் திருமணத்தின் மஹரையும் டவர் என்றே எழுதுவார்கள். அதைப் பார்த்துவிட்டு ஆங்கிலேயக் கோமாட்டிக்கு மஹர் கொடுத்துவிடக் கூடாது. மஹர் திருமணத்தாலேயே மனைவிக்குச் சேர வேண்டியது, முழுதாக அவளுடையது. டவர் கணவனுக்குப் பின் அவள் உயிரோடு இருந்தால் மட்டும், இருக்கும் வரை மட்டும்.

தனித்தமிழ் அன்பர்கள் டவர், டவுரி இரண்டுக்கும் சேர்த்து 'மணக்கொடை' என்கிறார்கள். யார் கொடை, யாருக்குக் கொடை என்பதற்கு அந்தச் சொல்லில் ஒரு தடயமும் இல்லை. வரதட்சணை வடசொல்லாகவே இருக்கட்டும், வரனுக்குப் போகிறது என்று அதுவே சொல்லிவிடுகிறது. டவுரிக்கு அதை மாற்ற வேண்டிய தேவையே எனக்குத் தெரியவில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னைச் சோதிப்பது 'இணையுடைமை'. ஜாயின்ச்சர் என்றால் ஜாயின்ட், ஜாயின்ட் என்றால் இணை, ஆகவே இணையுடைமை. முதலில் கணவனும் மனைவியும் சேர்ந்து வைத்திருந்த நிலம்தான் ஜாயின்ச்சர் என்பது உண்மை, பெயர் அப்படித்தான் வந்தது. ஆன் காலத்துக்குள் அந்தச் சேர்த்தி பெரும்பாலும் பெயரில் மட்டும் எஞ்சியிருந்தது. எள் நெய்தான் எண்ணெய் ஆனது என்பதற்காகக் கடலை எண்ணெயில் யாரும் எள்ளைத் தேடுவதில்லையே. தமிழ் வாசகர் இணையுடைமையைப் பார்த்தால் வங்கிக் கூட்டுக் கணக்கு போலக் கணவன் மனைவி இருவரும் சமமாக ஆண்டார்கள் என்று நினைப்பார். மணமான பெண்ணின் கைப்பணம்கூடக் கணவனுடையது என்று சட்டம் சொன்ன நாட்டைப் பற்றியா இந்தப் படம்? 'கூட்டுச் சொத்து' இன்னும் மோசம், நேராக நம் கூட்டுக் குடும்பத்துக்குள் இழுத்துவந்து விடுகிறது. ஆங்கிலச் சொல்லைப் பிய்த்துப் பார்த்துத் துண்டுக்குத் துண்டு தமிழ் ஒட்டுவதற்குக் கலைச்சொல்லாக்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தச் சொல் எந்தப் பத்திரத்தில், எந்த வழக்கில் என்ன வேலை செய்தது என்று பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

நம் பத்திர எழுத்தர்களிடம் கேட்டிருக்கலாம். 'ஆயுள் உள்ளவரை அனுபவித்துக்கொள்ள வேண்டியது, விற்கவோ அடமானம் வைக்கவோ உரிமையில்லை' என்று தினமும் எழுதுகிறவர்கள் அவர்கள். செட்டில்மெண்டுக்கு 'ஏற்பாடு' என்ற சொல்லும் பத்திரங்களில் புழங்குகிறது. ஆகவே சட்டம் தானே தரும் டவருக்குக் கைம்மைப் பங்கு, எழுதிவைத்துத் தரும் ஜாயின்ச்சருக்குக் கைம்மை ஏற்பாடு என்பேன். கைம்மை என்றதும் நோன்பும் வெள்ளைப் புடவையும் நினைவுக்கு வருமே என்று கேட்கலாம். வரட்டும். விதவை ஓய்வூதியம் என்று எழுதி மாதாமாதம் அரசு உதவித்தொகையை நினைவூட்டுவதைவிட இது மேல்.

டார்செட் பிரபு 1624இல் இறந்தார். இடையில் ரத்து செய்திருந்தாலும் அவர் எழுதிய ஏற்பாடு கடைசியில் நிலைத்தது. ஆன் 1630இல் பெம்புரோக் பிரபுவை மறுமணம் செய்தார், 1643இல் சித்தப்பா வம்சத்தில் ஆண் வாரிசு அற்றுப்போய்த் தந்தையின் நிலமும் அவருக்கே வந்தது, 1676 வரை வாழ்ந்தார். கைம்மை ஏற்பாடு ஆயுள் முழுக்க என்பதால் டார்செட் குடும்பம் 52 ஆண்டு அதைச் சுமந்தது. பிரபு வீடுகள் இளம் கைம்பெண்களைக் கண்டு ஏன் நடுங்கின என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

அப்புறம் டவேஜர். டவரிலிருந்து பிறந்த சொல் இது. கணவன் வழிப் பட்டத்தையும் சொத்தில் பங்கையும் உடைய கைம்பெண் என்று பொருள். இதைத் தமிழில் 'முதிய கோமாட்டி', 'மூதாட்டிப் பிரபு' என்றெல்லாம் எழுதுகிறார்கள். ஆன் கிளிஃபோர்டு டார்செட்டின் டவேஜர் கோமாட்டி ஆனபோது அவருக்கு வயது 34.