தாமதித்து வரும் ஒளியும் கருந்துளையின் நிறையும்

கன்னி விண்மீன் குழுவில், நம்மிடமிருந்து ஏறக்குறைய 240 கோடி ஒளியாண்டுத் தொலைவில், 3சி 273 என்னும் குவேசார், அதாவது பேரொளி வீசும் விண்மீன் பேரடை மையம், இருக்கிறது. 1963-இல் வானியலாளர் மார்ட்டென் ஷ்மிட் இதன் நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகள் சிவப்புப் பக்கமாக ஏறக்குறைய 16 விழுக்காடு நகர்ந்திருப்பதைக் கண்டபோதுதான், சாதாரண விண்மீனைப் போலத் தோன்றும் இப்பொருள் எவ்வளவு தொலைவிலிருந்து எவ்வளவு பேரொளியை வீசுகிறது என்பது புலப்பட்டது. நடுவிலுள்ள கருந்துளையை நோக்கி விழும் வாயு, நேராக உள்ளே போகாமல் வட்டாகத் திரண்டு சுழன்று, கடுமையாகச் சூடேறி அந்த ஒளியை உமிழ்கிறது.

கருந்துளை எவ்வளவு வேகமாகப் பருப்பொருளைத் திரட்டுகிறது என்று அறிய, முதலில் அதன் நிறை தெரிய வேண்டும். அதைச் சுற்றும் வாயுவின் வேகமும் தொலைவும் தெரிந்தால் நிறையைக் கணக்கிட்டுவிடலாம். வட்டுக்கு வெளியே வாயு முகில்கள் நொடிக்குப் பல்லாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுவதால், டாப்ளர் விளைவின்படி அவற்றின் உமிழ்கோடுகள் அகன்று தெரிகின்றன. அந்த அகலமே வேகத்தைச் சொல்லிவிடும். சுற்றும் தொலைவைக் காண்பதில்தான் நுட்பம் இருக்கிறது. வட்டின் ஒளி கூடும்போது முகில்களின் ஒளி உடனே கூடுவதில்லை. வட்டின் ஒளி அவற்றைச் சென்றடைந்த பிறகே கூடுகிறது. இந்தத் தாமதத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கிறது. எந்தத் தொலைநோக்கியாலும் பிரித்துக் காண முடியாத ஓர் இடத்தைக் காலத்தைக் கொண்டே அளந்துவிடும் இந்த வழியை, வானியலின் மிக அழகிய உத்திகளுள் ஒன்றாகவே நான் கருதுகிறேன். ஆனால் இதற்குப் பெரும் பொறுமை வேண்டும். 3சி 273-ஐப் பத்தாண்டுக் காலம் கண்காணித்து, கருந்துளையின் அருகிலிருந்து பெருவேகத்தில் வெளியே பாயும் பீய்ச்சுதாரை தரும் ஒளியையும் கழித்த பிறகே, தாமதம் 146 நாள் அளவு என்று 2019-இல் கணிக்க முடிந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, சிலியின் பரானால் மலையிலுள்ள நான்கு 8 மீட்டர் தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றிணைத்த ‘கிராவிட்டி’ கருவி, அதே வாயுப் பகுதியின் அளவை முற்றிலும் வேறொரு வழியில் கண்டது. கிடைத்த ஆரம் ஏறக்குறைய 145 ஒளிநாள். கருந்துளையின் நிறை சுமார் 30 கோடி சூரியன்கள். ஒன்றையொன்று சாராத இரு முறைகளும் தொலைவில் இவ்வளவு நெருங்கி வந்தது, தாமத முறையின் மீதான நம்பிக்கையை வலுப்படுத்தியது.

30 கோடி சூரிய நிறையுள்ள கருந்துளைக்கு எடிங்டன் வரம்பு, அதாவது ஒளியின் அழுத்தமே உள்ளே விழும் வாயுவைத் தடுத்து நிறுத்தும் எல்லை, ஏறக்குறைய 10 லட்சம் கோடி சூரியன்களின் ஒளி. விழும் நிறையில் 10 விழுக்காடு ஒளியாக மாறுகிறது என்று கொண்டால், அந்த அளவுக்கு ஒளிர ஆண்டுக்கு 7 சூரியன்கள் விழ வேண்டும். அணுக்கருப் பிணைவில் இவ்வாறு மாறுவது 0.7 விழுக்காடுதான் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

கணக்கின் நலிந்த கண்ணி அந்த 10 விழுக்காடே. சுழலாத கருந்துளைக்கு அது 6 விழுக்காட்டை ஒட்டியது. உச்ச வேகத்தில் சுழல்வதற்குக் கோட்பாட்டளவில் 42 வரை உயரும். ஆகவே அதே ஒளிக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 12 சூரியன்கள் வரையிலும் தேவைப்படலாம், இரண்டுக்கும் குறைவாகவே போதுமானதாகவும் இருக்கலாம். வட்டின் உள்விளிம்பில் இரும்பு அணுக்கள் உமிழும் எக்ஸ் கதிர்க் கோட்டின் சிதைவிலிருந்து சுழற்சியைக் கணிப்பது இதனால்தான் இவ்வளவு முக்கியமாகிறது.