ஆட்டிடம் பழகி, மனிதனிடம் மருந்தை வெல்லும் புழு

ஞாயிற்றுக்கிழமை காலை, புளியந்தோப்பு ஆடுதொட்டிப் பக்கம் ஈரல் வாங்க நின்றிருந்தேன். கடைக்கார பாய் ஒரு ஈரலைக் கீறிப் பார்த்துவிட்டு, "இது வேணாம் சார், வேற தரேன்" என்று தள்ளி வைத்தார். கீறிய இடத்தில் பித்தக் குழாய் வெளுத்துத் தடித்திருந்தது. கத்தி முனையால் அழுத்தியதும் வேப்பிலையைச் சுருட்டினாற்போல் பழுப்பாக ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தது. கல்லீரல் தட்டைப்புழு.

அந்த ஈரலை வேகவைத்துத் தின்றால் இந்த நோய் வராது. புழுவின் முட்டை சாணத்தோடு தண்ணீருக்குப் போக வேண்டும். பொரிந்து வரும் குஞ்சு நத்தைக்குள் நுழைய வேண்டும். அங்கே பெருகி வெளியேறி, நீரோரச் செடிகளில் கூடு கட்டி ஒட்டிக்கொள்ள வேண்டும். அதை ஆடு மேய்ந்தாலோ, மனிதன் பச்சையாகத் தின்றாலோதான் தொற்று. நாம் கீரையைக் கடைந்து, மசித்துத் தின்கிற ஆட்கள் என்பதால் சென்னையில் மனிதர்களுக்கு இது வருவது அபூர்வம். பெரு, பொலிவியா மலைநாடுகளில் அப்படியில்லை. உலகம் முழுக்கக் குறைந்தது 24 லட்சம் பேருக்கு இந்தத் தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

இவர்களுக்குக் கொடுக்கச் சரியான மருந்து ஒன்றே ஒன்றுதான்: டிரைக்ளபெண்டசோல். மற்றத் தட்டைப்புழுக்களுக்குக் கைகொடுக்கும் பிராசிகுவாண்டல் இதனிடம் எடுபடுவதில்லை. டிரைக்ளபெண்டசோல் 1983-இல் கால்நடைகளுக்காக வந்தது. பித்தக் குழாயில் குடியேறிய பெரிய புழுவை மட்டுமல்ல, ஈரல் சதையைக் குடைந்துகொண்டு போகும் இளம் புழுவையும் அது கொல்லும். அதனாலேயே ஆட்டுப் பண்ணைகளில் வருஷா வருஷம் அதையே ஊற்றினார்கள்.

1995-இல் ஆஸ்திரேலிய ஆடுகளில் அது வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. அப்புறம் ஐரோப்பா. 2012-இல் நெதர்லாந்தில் ஆடு வளர்க்கும் ஒருவருக்கே திரும்பத் திரும்பக் கொடுத்தும் புழு சாகவில்லை என்று மருத்துவர்கள் எழுதினார்கள். இங்கேதான் நாம் நிதானித்துப் பார்க்க வேண்டும். மருந்தைத் தாங்கும் அந்த எதிர்ப்பு, அவர் உடம்பில் இருந்தபோது புழுவுக்கு முளைத்திருக்க வேண்டியதில்லை. மனிதன் இந்தப் புழுவுக்குப் பெரும்பாலும் வழிதவறி வந்த வீடு. அதன் வம்சம் வளர்வது கால்நடையில். மந்தைக்கு மருந்து ஊற்றும்போது, தாங்கும் தன்மை உள்ள ஒன்றிரண்டு புழுக்கள் மட்டும் மிஞ்சும். ஒரு புழு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நத்தைக்குள் போன ஒரே ஒரு குஞ்சு, தன்னைப் போலவே நூற்றுக்கணக்கில் நகலெடுத்துக்கொண்டு வெளியே வரும். இவ்வளவு வேகமாகப் பரவுவதற்கு இந்த நத்தைதான் முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

மருந்து உள்ளே போனதும் நம் ஈரல் அதை சல்பாக்சைடு என்கிற வேறொரு வடிவமாக மாற்றும். புழுவை அடிப்பது அதுதான். எதிர்ப்புள்ள புழு அதைக் குறைவாகவே உறிஞ்சுகிறது. உறிஞ்சியதையும் வீரியம் குறைந்த சல்போனாகச் சீக்கிரம் மாற்றிவிடுகிறது. போதாததற்கு, அதன் செல் சவ்வில் உள்ள புரதப் பம்புகள் மருந்தை வெளியே இறைக்கின்றன. ஆய்வகத்தில் இந்தப் பம்பை அடைக்க, இதய நோய்க்குத் தரும் வெரபாமில்லைக் கூடவே சேர்த்துப் பார்த்தார்கள்; தாக்குப்பிடித்த புழுவுக்கும் சேதம் கூடியது. நோயாளிக்குக் கொடுக்கும் சிகிச்சையாக அது இன்னும் ஆகவில்லை. இப்போதைக்கு மருத்துவர்கள் டிரைக்ளபெண்டசோலையே இன்னொரு சுற்று கொடுக்கிறார்கள், அல்லது நைட்டசோக்சனைடு என்ற வேறொரு மருந்தை முயல்கிறார்கள். அது சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது.

அதனால் மனிதனுக்கான மருந்தைக் காப்பாற்றும் வேலை பட்டியில்தான் நடக்க வேண்டும். ஆட்டைக் கண்ணால் பார்த்து உத்தேசமாக எடை சொல்லி மருந்து ஊற்றுவது நம் ஊரிலும் சகஜம். அளவு குறைந்தால் பாதி தாங்கும் புழுவும் தப்பித்துவிடும். தராசில் நிறுத்தி ஊற்ற வேண்டும். மூன்று வாரம் கழித்துப் புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொடுத்து, முட்டை இன்னும் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.